60-ல் பிறந்த மெஷின்

மீட்டர் 200 வோல்ட் காட்டியது. மூன்று பேஸிலும் ஒரே அளவு. ஜப்பானில் அந்த மெஷின் எந்த வோல்ட்டில் ஓடியதோ, அதே வோல்ட். ஆனால் மணிக்கு 9,000 தாள் அடிக்கும் என்று சொல்லி வாங்கிய ஆஃப்செட் மெஷின் 7,500-ஐத் தாண்ட மறுத்தது. ஸ்பீடு ஹேண்டிலைக் கடைசிவரை திருப்பியாயிற்று. கவுண்டர் அதற்கு மேல் நகரவில்லை.

"டிரான்ஸ்பார்மர் போட்டாச்சு. கரண்டும் கரெக்டா வருது. பெறகு என்ன கோளாறு?" என்றார் அச்சக முதலாளி.

மெஷினுக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்த எலக்ட்ரீஷியன் நிமிராமலே பதில் சொன்னார். "வோல்ட்டு வந்துருச்சு அண்ணாச்சி. சைக்கிளுதான் வரல."

இடம் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம். சாலையோரம் அட்டைக் கட்டுகளை ஏற்றிய மினி லாரிகள். அதற்கு எதிரே கட்டிங் வேஸ்ட் மூட்டைகள். வெட்டவெளியில் பட்டாசுக்கான காகிதக் குழல்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஷெட்டுக்குள் நுழைந்தால் மை வாடை. பட்டாசுப் பெட்டி லேபிள், நோட்டு அட்டை, தினசரி காலண்டர் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வேலை இங்கே இருக்கும். ஆடிப்பெருக்கில் காலண்டர் ஆல்பம் வெளியானால் ஆர்டர் வரத் தொடங்கிவிடும். அதற்குள் புது மெஷினை ஓடவிட வேண்டும் என்பது முதலாளியின் அவசரம். புதியது என்றால் அவருக்குப் புதியது. ஒசாகா பக்கத்து அச்சகம் ஒன்றில் பல வருடம் உழைத்துவிட்டுக் கப்பலேறி வந்த மெஷின் அது.

வெளிநாட்டில் ஓடிய அச்சு இயந்திரங்களை வாங்கி, பழுது பார்த்து, இன்னொரு ஆயுள் ஓட்டுவது சிவகாசி வட்டாரத்துக்குப் பழகிய தொழில். அதனால்தான் இந்தக் கேள்வியோடு இங்கே வந்தேன்: வேறொரு நாட்டு மின்சாரத்துக்கென்று செய்த பொருளை நம் மின்சாரத்தில் மாட்டினால் உள்ளே என்ன நடக்கிறது? செல்போன் சார்ஜரை வைத்து இதற்கு விடை கண்டுபிடிக்க முடியாது. அச்சு மெஷினில் மோட்டார், பம்ப், டிரான்ஸ்பார்மர், டைமர், எலக்ட்ரானிக் கார்டு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு பதில் சொல்லும்.

ஒரு நாடு, இரண்டு மின்சாரம்

"நேம் பிளேட்டைப் பாருங்க சார்" என்று எலக்ட்ரீஷியன் டார்ச் அடித்தார். மெயின் மோட்டாரின் பக்கவாட்டில் கிரீஸ் படிந்த சின்னத் தகடு. துணியால் துடைத்ததும் எண்கள் தெரிந்தன. வோல்ட்: 200, 200, 220. அதற்கு நேர் கீழே ஹெர்ட்ஸ்: 50, 60, 60. அதற்கும் கீழே நிமிடச் சுற்று: 1420, 1710, 1730. ஒரே மோட்டாருக்கு மூன்று கணக்கு.

வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை முன்னும் பின்னும் போய் வருகிறது என்பதே ஹெர்ட்ஸ், அதாவது அதிர்வெண். மோட்டார் கட்டுகிறவர்கள் வாயில் அது 'சைக்கிள்'. இந்தியாவில் 50. அமெரிக்கா, கொரியா, தைவான், சவுதி அரேபியா ஆகிய நாடுகளில் 60. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் இந்த எண்ணைப் பார்த்துத்தான் சுற்றும். அதிர்வெண்ணை 120-ஆல் பெருக்கி, மோட்டாரின் துருவ எண்ணிக்கையால் வகுத்தால், உள்ளே காந்தப்புலம் சுழலும் வேகம் கிடைக்கும். நான்கு துருவ மோட்டாருக்கு 60 சைக்கிளில் 1,800 சுற்று, 50 சைக்கிளில் 1,500. சுமையோடு ஓடும்போது மோட்டார் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கும். தகட்டில் 1710, 1420 என்று இருப்பது அதனால்தான். வோல்ட்டை எவ்வளவு சரியாகக் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆறில் ஒரு பங்கு வேகம் போகும். 9,000-ல் ஆறில் ஒரு பங்கைக் கழித்தால் மீதி 7,500.

ஒரே தகட்டில் 50-ம் 60-ம் ஏன்? நேரு சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று அழைத்தார் என்பது இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் பெருமை. அசல் ஜப்பானில் மின்சாரம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 1895-ல் டோக்கியோவுக்கு ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் ஜெனரேட்டர்கள் வந்தன. அவை 50 சைக்கிள். அடுத்த ஆண்டு ஒசாகா அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் வாங்கியது, அவை 60. இரண்டு ஊர்களின் கம்பிகளும் தனித்தனியே வளர்ந்து, நாட்டின் நடுவே சந்தித்தபோது மாற்ற முடியாத அளவுக்குப் பெருகிவிட்டன. இன்றும் ஃபூஜி ஆற்றுக்குக் கிழக்கே 50, மேற்கே 60. அதனால் ஜப்பானிய மோட்டார் செய்பவர்கள் இரண்டையும் தாங்கும்படியே செய்கிறார்கள். பழைய வாஷிங் மெஷின்களில்கூட, வீடு மாறினால் மாட்டிக்கொள்ள வேறு அளவுப் புல்லி இருந்தது.

"அப்போ ஜப்பான் மெஷின்னா பயமில்லை?" என்றேன்.

"எரியாது. அவ்வளவுதான். வேகம் குறையாதுன்னு யார் சொன்னா?" என்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, "டோக்கியோ பக்கம் ஓடுன மெஷினா இருந்தா இந்தத் தொந்தரவே இல்ல அண்ணாச்சி" என்றார்.

கவனிக்க வேண்டிய பேச்சு அது. ரியோபி, மிட்சுபிஷி அச்சு மெஷின்கள் உருவான ஹிரோஷிமா மாவட்டம் 60 சைக்கிள் பகுதி. கொமோரியின் ட்சுகுபா தொழிற்சாலை இருப்பது 50 சைக்கிள் பகுதி. ஆனால் வாங்குகிறவருக்கு மெஷின் எங்கே பிறந்தது என்பதைவிடக் கடைசியாக எங்கே ஓடியது என்பதுதான் முக்கியம். அந்த ஊருக்கு ஏற்ற புல்லிதான் அதில் மாட்டியிருக்கும்.

டிரான்ஸ்பார்மர் மூலை

ஷெட்டின் பின்சுவரோரம் கம்பி வலைக் கூண்டுக்குள் அந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருந்தது. மின்வாரியத்தின் 415 வோல்ட் மூன்று பேஸை வாங்கி 200-ஆக்கிக் கொடுக்கிறது. சீரான உறுமல். 50 சைக்கிளில் டிரான்ஸ்பார்மரின் உறுமல் 100 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு அலையிலும் இரும்புத் தகடுகள் இரண்டு முறை காந்தமாகி, மயிரிழை நீண்டு சுருங்குவதால் வரும் சத்தம். அந்த உறுமல் மாறினால் பழகிய காது உடனே திரும்பிவிடும்.

"இது ரெண்டு பக்கமும் 50தான். உள்ளே 50 போனா வெளியே 50. வோல்ட்டைக் கூட்டும், குறைக்கும். சைக்கிளை ஒண்ணும் பண்ணாது" என்றார். மின்சாரத்தைப் பற்றி இங்கே புழங்கும் தவறான நம்பிக்கைகளில் முதலாவது இதற்கு நேர்மாறானது. வெளிநாட்டுச் சாமான் என்றால் ஒரு டிரான்ஸ்பார்மர் போட்டால் போதும் என்று நினைத்து எத்தனையோ பேர் பணம் போட்டிருக்கிறார்கள்.

கூண்டுக்கு வெளியே ஒரு கனமான பெட்டி தனியாகக் கிடந்தது. கொரியாவிலிருந்து வந்த யூ.வி. காயவைக்கும் யூனிட். அட்டையில் பளபளப்புப் பூச்சு போட்டதும் புற ஊதா விளக்குக்குக் கீழே ஓட்டிக் காயவைப்பது. அதன் தகட்டில் ஒரே வரி: 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 50 என்ற எண் எங்குமே இல்லை. நம் ஊரில் 230 வோல்ட் வருகிறதே, 10 வோல்ட்தானே கூடுதல் என்று ஒருவர் அதை நேரே மாட்டிப் பார்த்திருக்கிறார். பெட்டி கரகரவென்று இரைந்து, வார்னிஷ் தீய்ந்த வாடை வந்ததும் அணைத்திருக்கிறார்கள்.

காரணம் இரும்புக்குள் இருக்கிறது. குழாய்க்குக் கீழே ஒரு குடத்தை வைத்து, நிரம்பும் நேரத்தில் குழாயை மூடிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே குழாயை இன்னும் சற்று நேரம் திறந்துவிட்டால் தண்ணீர் வழியத்தானே செய்யும்? டிரான்ஸ்பார்மரின் இரும்பு அந்தக் குடம். வோல்ட் குழாயின் வேகம். அரை அலையின் நேரம்தான் குழாய் திறந்திருக்கும் நேரம். 60 சைக்கிளில் அரை அலை 8.3 மில்லி நொடி. 50 சைக்கிளில் 10 மில்லி நொடி. வோல்ட் மாறாவிட்டாலும் இரும்புக்குள் சேரும் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடிவிடும். இந்த யூனிட்டில் வோல்ட்டும் சேர்ந்து உயர்ந்ததால் ஏறத்தாழ 25 சதவீதம். இரும்பு தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டால் அதற்குமேல் காந்தம் ஏறாது. சுருளில் மின்னோட்டம்தான் தறிகெட்டு ஏறும். சூடும் இரைச்சலும் அங்கிருந்து வருகின்றன.

இதற்கு மாற்று, வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைப்பது. 220-ஐ ஆறில் ஐந்து பங்காக்கினால் 183. அந்த வோல்ட்டில் 50 சைக்கிள் கொடுத்தால் இரும்புக்கு அது பழைய 60 சைக்கிள் போலவே இருக்கும். மோட்டாருக்கும் இதே விதி: வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்து வரும் எண் மாறக் கூடாது. அமெரிக்க மோட்டாரில் 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், 50-ல் அதற்கு உகந்தது 383 வோல்ட். நம் 415 அதைவிட 8 சதவீதம் கூடுதல். சில மோட்டார்கள் சமாளிக்கும், சில சூடேறும்.

ஆனால் யூ.வி. விளக்குக்கு வோல்ட்டைக் குறைத்தால் விளக்கு பற்றவே அடம்பிடிக்கும். பற்றினாலும் ஒளி குறைந்து பூச்சு காயாது. ஆகவே அதன் சோக்கையும் டிரான்ஸ்பார்மரையும் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸுக்கென்று புதிதாகச் செய்து போடுவது என்று முடிவாகியிருந்தது. விளக்கும் கண்ணாடியும் கன்வேயரும் அப்படியே பயன்படும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 50 சைக்கிளுக்குச் செய்த டிரான்ஸ்பார்மரை 60-ல் மாட்டினால், வோல்ட் சரியாக இருந்தால், இரும்புக்கு வேலை குறைவுதான். குடம் நிரம்புவதற்குள் குழாய் மூடிவிடுகிறது. 60-க்கு மட்டும் செய்பவர்கள் இரும்பைக் கொஞ்சம் குறைத்துச் சிக்கனம் பிடிக்கலாம். அந்தச் சிக்கனம் 50-க்கு வரும்போதுதான் வெளியே தெரியும். விமானங்களில் 400 ஹெர்ட்ஸ் மின்சாரம் வைத்திருப்பதும் இதே கணக்கில்தான். சைக்கிள் கூடக்கூட இரும்பு குறையும், எடையும் குறையும்.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று

மறுபடி ஆஃப்செட் மெஷினுக்கு வந்தோம். மெயின் மோட்டார் பெல்ட் வழியாக மெஷினை ஓட்டுகிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் அதன் புல்லியைப் பெரிதாக்கிவிட்டால் போதும். 100 மில்லிமீட்டர் விட்டத்துக்குப் பதில் 120. பக்கத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கி வைத்திருந்தார்கள். மோட்டார் பேஸைச் சற்று நகர்த்தி, பெல்ட்டை இழுத்துவிட்டு, ஸ்விட்சைப் போட்டார் உதவியாளர் பையன். கவுண்டர் 9,000-ஐத் தொட்டது. முதலாளி முகத்தில் வெளிச்சம்.

அது நெடுநேரம் நிற்கவில்லை. தாள் ஏறுவதில் தடுமாற்றம் தொடங்கியது. ஃபீடரில் உறிஞ்சும் சக்கர்கள் தாளைத் தூக்கப் போய்த் தூக்காமல் விட்டன. சில தாள்கள் பிரியாமல் இரண்டு இரண்டாக நுழைந்தன. டபுள் ஷீட் என்று மெஷின் தானே நின்றது. பையன் திரும்பவும் ஓட்டினான், திரும்பவும் நின்றது.

"மெஷினு 60-க்கு வந்துருச்சு. காத்து இன்னும் 50-லதான் இருக்கு" என்றார் எலக்ட்ரீஷியன்.

தாளை உறிஞ்சித் தூக்கவும் ஊதிப் பிரிக்கவும் தனியாக ஒரு ஏர் பம்ப் இருக்கிறது. மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் நேரே கோத்தவை. நடுவில் பெல்ட் கிடையாது, மாற்றப் புல்லியும் கிடையாது. அந்த மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றுவதால் காற்றும் ஆறில் ஒரு பங்கு குறைவு. மெஷின் 7,500-ல் ஓடியபோது அந்தக் காற்று போதுமானதாக இருந்தது. மெஷினை மட்டும் வேகப்படுத்தியதும் காற்று பின்தங்கிவிட்டது. பம்ப்பாக இல்லாமல் விசிறி வகை புளோயராக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதில் காற்றின் அளவு வேகத்தோடு குறையும்; அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் குறையும். 60-ல் கிடைக்கும் அழுத்தத்தில் 50-ல் சுமார் 70 சதவீதமே மிஞ்சும்.

இதற்கு டிரைவ்தான் மருந்து. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. சுவரில் பொருத்தி, நம் வீட்டு 230 வோல்ட் ஒற்றைப் பேஸையே அதற்குள் கொடுத்தார். பெட்டி முதலில் அதை நேர்திசை மின்சாரமாக மாற்றுகிறது. பிறகு அதை வேகமாக வெட்டி வெட்டி, கேட்ட சைக்கிளில் மூன்று பேஸாக வெளியே விடுகிறது. ஜப்பானிய 200 வோல்ட் சிறு மோட்டார்களுக்கு இது நல்ல பொருத்தம். 415-ஐக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்கூட அந்த மோட்டாருக்குத் தேவைப்படாது. பட்டனை அழுத்தி 60 ஹெர்ட்ஸுக்கு 200 வோல்ட் என்று பதிந்தார். மோட்டார் மெல்லத் தொடங்கி உச்சத்துக்குப் போனது. சக்கர்கள் சடசடவென்று தாளைத் தூக்கின. 9,000-லும் தடங்கல் இல்லை.

"எல்லாத்துக்கும் ஒரே பெரிய டிரைவாப் போட்டு மெஷினையே 60-ல ஓட்டிரலாமே?" என்று கேட்டேன்.

"போடலாம். விலையைக் கேட்டா அண்ணாச்சி மெஷினைத் திருப்பிக் கப்பல்ல ஏத்திருவாரு" என்று சிரித்தார். அப்படிச் செய்யும் கருவிக்கு அதிர்வெண் மாற்றி என்று பெயர். ஜப்பான் நாடே அதை வைத்துத்தான் தன் இரண்டு பாதிகளையும் இணைக்கிறது. முதல் நிலையம் 1965-ல் சகுமாவில் வந்தது. 2011 மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் கிழக்குப் பகுதி மின் நிலையங்களை முடக்கியபோது மேற்கில் மின்சாரம் இருந்தது. ஆனால் இந்த மாற்றிகளின் வழியே சுமார் 1,000 மெகாவாட் மட்டுமே கிழக்குக்குப் போக முடிந்தது. டோக்கியோ வட்டாரம் முறைவைத்து இருளில் கிடந்தது. 2021-ல் இணைப்பு 2,100 மெகாவாட்டாக உயர்ந்தது. சுவரில் மாட்டிய அந்தச் சிறு டிரைவும் இந்த மாபெரும் நிலையங்களும் செய்யும் வேலை ஒன்றுதான்: மாறுதிசையை நேர்திசையாக்கி, மறுபடி மாறுதிசையாக்குவது.

பேனலைத் திறந்தபோது

மெயின் ஸ்விட்சை இறக்கி, கொஞ்ச நேரம் காத்திருந்து, கன்ட்ரோல் பேனலைத் திறந்தார். டிரைவ், பவர் சப்ளை கெப்பாசிட்டர்களில் கரண்ட் தேங்கியிருக்கும். உடனே கை வைக்கக் கூடாது. உள்ளே ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டினார். பாதி எண்களைத் தகடு பார்க்காமலே சொன்னார்.

முதலில் பவர் சப்ளை. 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். இதைப் பற்றிக் கவலை வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். வகை, உள்ளே வந்ததும் மின்சாரத்தை நேர்திசையாக மாற்றி, பிறகு பல்லாயிரம் ஹெர்ட்ஸில் தானே வெட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து 50 வந்ததா 60 வந்ததா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. கம்ப்யூட்டர், செல்போன் சார்ஜர், எல்.இ.டி. டிவி எல்லாம் இந்த இனம்.

அடுத்து காண்டாக்டர்கள், காந்தக் காயிலால் இயங்கும் ஸ்விட்சுகள். சில காயில்களில் 50-ம் 60-ம் இரண்டும் அச்சிட்டிருந்தது, அவை இருக்கட்டும். ஒன்றில் 60 மட்டும். 60-க்குக் கட்டிய காயில் 50-ல் அதிக மின்னோட்டம் இழுக்கும், காலப்போக்கில் கருகும். சொலினாய்டு வால்வுக்கும் இதே கதி. அந்த ஒரு காண்டாக்டரைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளூர்க் கடையிலேயே மாற்று கிடைக்கும்.

மூலையில் பழைய மோட்டார் டைமர் ஒன்று. குட்டி சின்க்ரனஸ் மோட்டார் பல்சக்கரத்தைச் சுற்றி நேரத்தை அளக்கிறது. 60 சைக்கிளை ஒரு நொடி என்று எண்ணப் பழகியது, 50 சைக்கிளில் ஏமாந்துவிடும். 60 நொடி வைத்தால் 72 நொடி ஓடும். பிளேட் எக்ஸ்போஸ் செய்யும் பழைய ஃபிரேமில் இப்படி ஒன்று இருந்தால், பிளேட்டில் ஒளி 20 சதவீதம் கூடுதலாக விழும். மெலிந்த கோடும் சிறு புள்ளியும் சிதையும். குறை மையில் இருக்கிறதா, பிளேட்டில் இருக்கிறதா என்று அச்சுக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்வார். டிஜிட்டல் டைமர்களில் பெரும்பாலானவை உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து எண்ணுவதால் தப்பிக்கும்.

கடைசியில், பேனலுக்கு வெளியே, மெஷினுக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். அதன் கம்ப்ரஸர் மூடி உருக்கி ஒட்டியது. மோட்டார் உள்ளேயே இருப்பதால் புல்லி மாற்ற வழியில்லை. விருதுநகர் மாவட்டத்து வெயிலில் 50-ல் குறைந்த வேகத்தில் ஓடும் கம்ப்ரஸர் தண்ணீரைப் போதிய அளவு குளிர்விக்காது. "இதை விட்டுரலாம். நம்மூர் சில்லர் ஒண்ணு வாங்கிக்கிடுங்க" என்று ஒரே வரியில் முடித்தார்.

அவர் பார்த்த முறையில் ஒரு வரிசை இருந்தது. அப்படியே விடுவது, புல்லி மாற்றுவது, டிரைவ் போடுவது, தூக்கிப் போடுவது. ஒரு மெஷினில் எந்தப் பொருள் எந்த வரிசையில் விழும் என்று பிரித்துவிட்டால் செலவு கைக்குள் அடங்கும்.

ஜெனரேட்டர் ஷெட்

வெளியே தகரக் கொட்டகையில் டீசல் ஜெனரேட்டர். 2008-லிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் இந்த வட்டாரத்து அச்சகங்களைக் காப்பாற்றியவை இவைதான். பழைய பேனலில் ஒரு விநோத மீட்டர்: முள் இல்லை. 47-லிருந்து 53 வரை எழுதிய கட்டத்துக்குக் கீழே வரிசையாக மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொரு தகடும் ஒரு சைக்கிளுக்கு மட்டும் அதிரும். ஜெனரேட்டரை ஓட்டியதும் 51-க்கு நேரே இருந்த தகடு நடுங்கி வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. ஷெட்டின் சுமையை ஏற்றியதும் நடுக்கம் 50-க்கு நகர்ந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் 50 சைக்கிள். சுமை ஏறினால் எஞ்சின் சற்றுத் தளரும், சைக்கிளும் தளரும்.

நாட்டு மின்கட்டமைப்பும் இதைப் போன்றதுதான், பெரிய அளவில். உற்பத்தியைவிடத் தேவை கூடினால் நாடு முழுக்க டர்பைன்கள் தளர்ந்து அதிர்வெண் இறங்கும். 1990-களில் தென்னகத்தில் அது 48 அருகே இறங்கிக் கிடப்பது வழக்கமாக இருந்தது. அந்தக் காலத்தை எலக்ட்ரீஷியன் மறக்கவில்லை. "சாயங்காலமானா எல்லா மோட்டாரும் இழுத்து இழுத்து ஓடும். வோல்ட்டும் இருக்காது, சைக்கிளும் இருக்காது." 2003-ல் தென் மண்டலத்துக்கு வந்த புதிய கட்டண முறையில், திட்டத்தைத் தாண்டி இழுக்கும் மின்சாரத்தின் விலை அதிர்வெண்ணோடு கட்டப்பட்டது. சைக்கிள் இறங்கியிருக்கும்போது கூடுதலாக இழுத்தால் அதிக விலை. மின்வாரியங்களுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. இப்போது விதிகள் அனுமதிக்கும் வரம்பு 49.90-லிருந்து 50.05 வரை.

அந்த டிரைவின் நேர்திசைத் தந்திரம் தென்னகத்தை ஒருமுறை காப்பாற்றவும் செய்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்கட்டமைப்பு சரிந்தது; இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருண்டன. தெற்கு தப்பியது. அப்போது தெற்கு, மற்ற மண்டலங்களோடு நேர்திசை இணைப்புகள் வழியாக மட்டுமே கோக்கப்பட்டிருந்தது. அங்கும் இங்கும் பெயருக்கு 50 என்றாலும், இரண்டும் ஒரே தாளத்தில் ஆடவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதையில் இணைந்தபோதுதான் இந்தியா முழுவதும் ஒரே சைக்கிளுக்கு வந்தது. அன்றிலிருந்து விஸ்வநத்தத்து மோட்டாரும் காஷ்மீரத்து மோட்டாரும் ஒரே துடிப்பைப் பின்பற்றுகின்றன.

கொட்டகைக்கு அப்பால் கொஞ்சத் தூரத்தில் பட்டாசு ஆலை. இந்த மெஷினில் அச்சாகும் லேபிள்கள் அங்கேதான் புஸ்வாணத்துக்கும் சங்குசக்கரத்துக்கும் ஒட்டப்படும். மருந்து கலக்கும் அறைக்குள் மின்சாரம் போவதில்லை. பகல் வெளிச்சத்தில் கைவேலைதான். ஒரு காண்டாக்டர் விழும்போது தெறிக்கும் சிறு பொறி அச்சகத்தில் யார் கண்ணிலும் படாது. அங்கே அதன் விலை உயிர். ஆகவே இந்த ஊரில் சைக்கிள் பிரச்சினை முழுவதும் காகிதத்தின் பக்கமே கிடக்கிறது.

வீட்டுக்கு வரும் பொருள்

பையன் டீ வாங்கி வந்தான். பேச்சு வீட்டுப் பக்கம் திரும்பியது. சவுதியிலிருந்து திரும்பிய உறவினர் கொண்டுவந்த ஃபிரிட்ஜ் சில மாதங்களில் கம்ப்ரஸர் போய்விட்டதாக முதலாளி சொன்னார். "வோல்ட்டு சரியாத்தானே இருந்துச்சு?" சரியாகத்தான் இருந்திருக்கும். வளைகுடாவில் அமீரகம், கத்தார், குவைத், ஓமான் எல்லாம் 50. சவுதி மட்டும் 60. துபாய்ச் சாமான் ஓடுகிறதே என்று சவுதிச் சாமானையும் அதே நம்பிக்கையில் மாட்டினால் மோட்டார் சூடேறும்.

அமெரிக்காவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு மிக்சி, கிரைண்டர் வாங்கி அனுப்புகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யூனிவர்சல் மோட்டார். அதன் வேகம் சைக்கிளைச் சார்ந்ததல்ல. வோல்ட்டை மட்டும் சரிசெய்தால் எங்கும் அரைக்கும். வெட் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அங்கே 60 சைக்கிளில் கல் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், மாவு சூடாகும். அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட மாடல்கள் நம் கடைகளில் விற்கின்றன. டிரான்ஸ்பார்மரைச் சுமந்து போவதைவிட அதை வாங்குவது புத்திசாலித்தனம்.

டீ டம்ளரைக் கீழே வைத்தபோது முதலாளிக்கு போன் வந்தது. வெளிநாட்டு மெஷின் ஏஜென்ட். அடுத்து ஒரு மடிக்கும் மெஷின் இருக்கிறதாம், நல்ல கண்டிஷனாம். படம் வந்துவிட்டது என்றார் முதலாளி. படம் அழகாக இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு எலக்ட்ரீஷியனைப் பார்த்துக்கொண்டே கேட்கத் தொடங்கினார். "எந்த ஊர்ல ஓடுச்சு? டோக்கியோவா, ஒசாகாவா? மெயின் மோட்டார் தகடு, பம்ப் தகடு, பேனல் உள்ளே இருக்கிற தகடு, எல்லாத்தையும் தனித்தனியா படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. 50-ம் 60-ம் ரெண்டும் போட்டிருந்தா பேசின விலை. 60 மட்டும்னா டிரைவுக்கும் சோக்குக்கும் ஆகுற காசைக் கழிச்சுக்கிட்டுத்தான் தருவேன்."